தேசிக்காய் மணந்த கை

கிராண்ட்பாஸில் அம்மா வேலை செய்த தோட்டாக் கம்பனி இருந்த இடத்தில் இப்போது மாடிக் குடியிருப்பு. அதன் கீழ்க்கடையில் யாரோ தேசிக்காய் பிழிந்த புளிப்பு மணம் இன்று மூக்கில் ஏறியதும் அம்மாவின் கைகள் நினைவுக்கு வந்தன.

பன்றி விரட்டும் விவசாயிகளின் துவக்குகளுக்கான தோட்டாக்கள் அவை. அம்மா நாள் முழுக்க அவற்றில் வெடிமருந்து கொட்டி, ஈயக் குண்டு நிரப்பி, அட்டை மூடியை அழுத்துவார். வேலை முடிந்து சங்கு ஊதியதும், பள்ளிக்கூடப் பையோடு வாசலில் நிற்கும் என்னைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், பாதித் தேசிக்காயால் நகக்கண் எரியும்வரை தன் கைகளைத் தேய்ப்பார். ஏனென்றால் கொட்டாஞ்சேனை வீட்டுக்குப் போகும் வழியில் அந்தப் போர்க்காலத்தில் ஆமிச் செக்பொயின்ட் இருந்தது, தமிழ்ப் பெண்ணின் கையில் வெடிமருந்து மணந்தால் கம்பனி அடையாள அட்டையை யார் வாசிக்கப் போகிறார்கள்?

“மணந்து பாருங்க மகள், மருந்து மணக்குதா?”

ஒருமுறை “ஓம்” என்றேன். தோல் உரிந்து இரத்தம் கசியும்வரை தேய்த்தார்.

அதன் பிறகு எப்போதும் “இல்லம்மா” என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு, அந்தக் கையை என் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி ஆமிக்காரனுக்கு முன்னால் நடப்பேன்.

அம்மாவும் இல்லை, கம்பனியும் இல்லை, இனிச் சொல்லலாம். ஒரு நாளும் அந்த மருந்து மணம் போனதில்லை.