பழுப்புக் கோட்டுக்கு ஒரு தோட்டா

லெனோரா பிக்கெட் அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. இருபத்தெட்டு வருஷமாக அதே அடுப்பு. ஊரில் பாதிப் பேர் அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர்கள், மீதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கி வளர்ந்தவர்கள். அப்படிப்பட்டவள் நான்கு நாளாக யாரையும் திட்டவில்லை. அவள் மகன் டெரில் வெள்ளிக்கிழமை சிறையிலிருந்து வருகிறான், ஊருக்கு இன்னும் தெரியாது. போன தடவை, லெனோராவிடம் வளரும் தன் பெண் குழந்தை மேசியைத் தூக்கிப்போக வந்தவன், குறுக்கே நின்ற லெனோராவின் விலா எலும்பை ஒடித்தான். இந்தத் தடவை உயிரோடு விடமாட்டேன் என்று எழுதியிருக்கிறான். செய்யக்கூடியவன்தான், பெற்றவளுக்குத் தெரியாதா?

புதன்கிழமை மதியம் ஹார்லனின் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். ஹார்லன் அவளோடு படித்தவன். வாயை மூடவே தெரியாத மனுஷன்.

"வா லெனோரா. உன் குழம்பையே ரெண்டு கரண்டி ஊத்தினா எந்தத் திருடனும் விழுந்துடுவானே, உனக்கெதுக்குத் துப்பாக்கி?"

அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து சின்னக் கைத்துப்பாக்கியை எடுத்து வைத்தாள். செத்துப்போன புருஷன் ராயுடையது. "இதுக்கு நல்ல தோட்டா வேணும். வீட்டுல வச்சுக்க."

ஹார்லன் ஆரம்பித்துவிட்டான். உருண்டை மூக்குத் தோட்டா பலகையில் சுட்டுப் பழகத்தான், ஆளைத் துளைத்துச் சுவரையும் துளைத்துப் போகும். குழி மூக்குத் தோட்டா உடம்புக்குள் விரிந்து அங்கேயே நிற்கும். ஆனால் தடித்த துணி குழியை அடைத்தால் அதுவும் விரியாது.

"அதான் குளிர்காலத்துல யோசிச்சு வாங்கணும். வர்றவன் என்ன போட்டிருப்பான்னு நினைக்கிற?"

அந்தக் கடையில் எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான். எல்லோரும் தோளைக் குலுக்குவார்கள். 'வர்றவன்' என்பதற்கு மேல் அங்கே யாரும் பேர் சொல்வதில்லை.

"பழுப்புக் கோட்டு. முரட்டுக் கான்வாஸ், உள்ளே கம்பளி," என்றாள் லெனோரா. "எக்ஸ்ட்ரா லார்ஜ். நான்தான் கிறிஸ்துமஸுக்கு எடுத்துக் குடுத்தேன்."

ஹார்லன் கண்ணாடி மேசைமேல் எடுத்து வைத்திருந்த தோட்டாப் பெட்டியை மெல்லத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"டெரிலா? இதை நான் உனக்குத் தரமாட்டேன். வா, ஷெரிஃப்கிட்ட போலாம்."

"போனேன். கிட்ட வரக்கூடாதுன்னு கோர்ட்டுத் தாள் குடுத்திருக்காங்க. ஃப்ரிட்ஜ் மேல ஒட்டியிருக்கு."

"தங்கச்சி வீட்டுக்குப் போயேன்."

"எலும்பு ஒடிஞ்சப்போ அங்கேதான் இருந்தேன்."

அவள் குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. மதியச் சாப்பாட்டுப் பட்டியலை வாசிப்பவள்போலச் சொன்னாள். "நீ தரலேன்னா துப்பாக்கி காலியா இருக்காது, ஹார்லன். ராய் போட்டுவச்ச உருண்டைத் தோட்டா இருக்கு. என் வீடு டிரெய்லர், சக்கரத்து மேல நிக்கிற தகரப் பெட்டி, உனக்கே தெரியும். அவன் வாசல்ல நின்னா நேர் பின்னால மேசி கட்டில். நடுவுல ஒரே ஒரு அட்டைச் சுவர்."

ஹார்லன் அந்தப் பெட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்தான். பிறகு குனிந்து வேறொரு பெட்டியை எடுத்தான். "இதுல குழிக்குள்ளே ரப்பர் அடைச்சிருக்கு. துணி அடைக்காது."

"அவனுக்குள்ளேயே நின்னுடுமா?"

"நிக்கும்னுதான் சோதிச்சுச் சொல்றாங்க. சத்தியம் பண்ண முடியாது."

புதுத் தோட்டா அந்தத் துப்பாக்கியில் சிக்குமா என்று சுட்டுப் பார்க்காமல் அவன் யாரையும் அனுப்புவதில்லை. கடைக்குப் பின்னால், மண்மேட்டின்மேல் ஒரு வெள்ளைத் தாளைக் குத்தி வைத்தான். ஆள் உருவம் போட்ட தாள் கட்டுக்கட்டாக இருந்தும் அதை எடுக்கவில்லை.

ஆறு தடவை சுட்டாள். எதுவும் சிக்கவில்லை. ஆறும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்திருந்தன. எல்லோருக்கும் சொல்லும் 'பிரமாதம்' ஹார்லன் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டான்.

லெனோரா துப்பாக்கியை வைத்துவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கொஞ்சமாவது நடுங்கும்னு நினைச்சேன்," என்றாள்.