முன்னால் பறந்த நூல்

தொண்ணூறுகளில் ஆவடி – பூந்தமல்லி சாலையில் போனவர்கள் பார்த்திருக்கலாம். பருத்திப்பட்டுக்குச் சற்று முன்னால் ஒரு சீட் கவர் கடை. வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களின் முன்கண்ணாடியில் வரிசையாகச் சிவப்பு நூல் தொங்கும். வேண்டுதலோ திருஷ்டியோ என்று பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் உண்டு. இரண்டும் இல்லை. கடை நடத்தும் கன்னியம்மா காற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தில் நாற்று நட்ட குடும்பம் அவருடையது. வயல் வேலை தனக்குப் பிடித்ததே இல்லை என்று ஒளிக்காமல் சொல்வார். கல்யாணமானதும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ரெக்ஸின் பை தைக்கும் கம்பெனியில் சேர்ந்தார். எண்பத்து மூன்றில் கம்பெனியை மூடியபோது அங்கிருந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கிவந்து, கணவர் மணவாளனின் பஞ்சர் கடையை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். முதலில் பஞ்சர் ஒட்ட வந்தவர்கள், காத்திருக்கும் நேரத்தில் சீட்டையும் தைத்துக்கொண்டார்கள். இரண்டே வருடத்தில் சீட் தைக்க வந்தவர்கள், காத்திருக்கும் நேரத்தில் டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டார்கள். இதைச் சொல்லிச் சிரிப்பவர் மணவாளன்தான்.

கன்னியம்மா தைத்த உறையில் தொய்வு இருக்காது. நகத்தளவு தளர்ந்தாலும் பிரித்து மறுபடி தைப்பார். இந்தப் பிடிவாதம்தான் அவருக்குப் பேர் வாங்கித் தந்தது. ஒரு முறை காலையும் வாரிவிட்டது.

1987 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை எத்திராஜ் கடைக்கு வந்தார். ஊர் வெள்ளானூர். பூந்தமல்லிப் பக்கம் ஒரு கியர்பாக்ஸ் கம்பெனியில் வேலை. வேலை என்றால் கேட்கிற வேலை. மேஜையில் கியர்பாக்ஸை ஓடவிடுவார்கள். எத்திராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டு, நல்லது, கெட்டது என்று சொல்வார். ஐந்து வருடமாக அவர் சொல் தவறியதில்லை.

அந்த வருடம் கோடையில், கரையான்சாவடி அருகே லாரியிலிருந்து பறந்த ஜல்லித் துகள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. புண் ஆறியது. ஆனால் இனி கண்ணில் காற்று அடிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எத்திராஜின் தடித்த மூக்குக்கண்ணாடிக்கு மேல் வேறு எதையும் மாட்ட முடியவில்லை. ஆறு மணி ஷிப்டுக்குப் போய்ச் சேர பஸ்ஸும் இல்லை. அதனால் புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில், காற்றைத் தடுக்கும் பெரிய முன்கண்ணாடி ஒன்று வாங்கித் தன் மோட்டார் சைக்கிளில் பொருத்தினார்.

கண் பிழைத்தது, காது மாட்டிக்கொண்டது. கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று நேராக வந்து இரண்டு காதிலும் அறைந்தது. பஞ்சு அடைத்தார். துண்டு கட்டினார். ஹெல்மெட் போட்டால் குடத்துக்குள் தலையை விட்டது போல இரைச்சல் பெருகியது. கம்பெனியில் இறங்கிய பிறகும் ஒரு மணி நேரம் காதுக்குள் விசில் ஊதியது. அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு கெட்ட கியர்பாக்ஸ்களை நல்லது என்று சொல்லிவிட்டார். சூப்பர்வைசர் நாள் குறித்தார். வருகிற திங்கட்கிழமை காலையில் வந்ததும் பத்துப் பெட்டி ஓட்டிக் காட்டுவார்கள். ஒன்று தப்பினாலும் பேக்கிங்கில் ஆணி அடிக்கப் போக வேண்டியதுதான்.

“கண்ணாடிக்குக் கீழ இருக்கற சந்துலதான் காத்து பூருதுன்னு மெக்கானிக் சொல்றான்,” என்றார் எத்திராஜ். “அத்த மூடித் தச்சுக் குடும்மா.”

“இவ்ளோதானே அண்ணாத்தே? டீ குடிச்சிட்டு வா,” என்றார் கன்னியம்மா.

மூடுவது அவருக்குக் கை வந்த வேலை. விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஸ்பாஞ்ச் வைத்து, கறுப்பு ரெக்ஸினை இழுத்துத் தைத்தார். எறும்பு நுழைய இடமில்லை. பார்த்தவர்கள் பாராட்டினார்கள்.

புதன்கிழமை பிற்பகல், ஷிப்ட் முடிந்த கையோடு எத்திராஜ் வந்து நின்றார்.

“இன்னா அண்ணாத்தே, எப்டி கீது?”

“இன்னாது?”

“எப்டி கீதுன்னேன்!”

“முன்ன ரெண்டு காதுலயும் அறைஞ்சிச்சு. இப்ப மண்டையிலயே குத்துது.”

மணவாளன் டியூபைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். “நல்லாத் தச்சிகீறா மச்சான். இருந்த காதையும் சேர்த்துத் தச்சிட்டா.”

கன்னியம்மா சிரிக்கவில்லை. நான் கை வைத்துதான் அதிகமாயிற்று, நானே பார்க்கிறேன் என்றார். ஆனால் எதைப் பார்ப்பது? காற்று கண்ணுக்குத் தெரிவதில்லையே. அப்போது சாலையில் ஒரு லாரி கடந்தது. மெஷினடியில் கிடந்த வெட்டுநூல்கள் எழுந்து, அது போன பக்கமே ஓடிப் படுத்தன. கன்னியம்மா சிவப்பு நூல் கண்டை எடுத்தார்.

கண்ணாடியின் விளிம்பில் விரற்கடைக்கு ஒரு நூல் ஒட்டினார். எத்திராஜின் தலையில் துண்டைக் கட்டி, காதுப் பக்கம் இரண்டு நூல். சட்டையின் நெஞ்சில் நாலு நூல். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

எதிர் டீக்கடையில் ஒருவன் குரல் கொடுத்தான். “அண்ணாத்தே, காப்பு கட்டியாச்சு! தீமிதி எப்போ?”

“உன் வாயத் தைக்கறதுக்குத்தான் ரெக்ஸின் தேடிகினு கீறேன், இரு!” என்றார் கன்னியம்மா.

“மெதுவா ஓட்டு மச்சான்,” என்றார் மணவாளன். “எனக்கு இருக்கறது ஒரே பொஞ்சாதி.”

பருத்திப்பட்டு ஏரிவரை போனார்கள். கன்னியம்மா எத்திராஜின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். காதுப் பக்கத்து நூல்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நெஞ்சில் இருந்த நாலு நூலும் கண்ணாடியைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. வண்டி முன்னால் போகிறது. நூலும் முன்னால் பறக்கிறது.

“நிறுத்து! ஓரமா நிறுத்து!” என்று கத்தினார். எத்திராஜ் காதில் விழவில்லை. முதுகில் இரண்டு குத்து விட்ட பிறகுதான் வண்டி நின்றது.

கன்னியம்மா இறங்கி, நெஞ்சு நூல்களை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு தன் தலையிலேயே தட்டிக்கொண்டார். எந்த சீட் தைத்தாலும் அடிப்பக்கம் நாலு ஓட்டை விடுவது அவர் வழக்கம். விடாவிட்டால் ஆள் உட்காரும்போது காற்று போக வழியில்லாமல் தையல் பிதுங்கும். எழுந்தால் உள்ளே திரும்பக் காற்று இல்லாமல் உறை ஒட்டிப்போய்க் கிடக்கும்.

“சீட்டுக்கு ஓட்ட வுடத் தெரிஞ்ச எனக்கு, இதுக்குத் தெரியாமப் பூட்டுச்சே,” என்றார். “கண்ணாடிக்கு உள்பக்கம் காலியா கீது அண்ணாத்தே. அது காத்துக்குத் தவிக்குது. கீழ வழியில்ல, நான் அடைச்சிட்டேன். அதான் மேல போற காத்தப் புட்சி உள்ள இழுக்குது. நடுவுல உன் காது கீது.”

கடைக்குத் திரும்பியதும் தான் தைத்த ரெக்ஸினைத் தானே கிழித்தார். அழகான வேலை, கிழிக்கும்போது கை கூசவில்லை. மணவாளன் பழைய டயரை அறுத்து ரப்பர் வளையங்கள் செய்து தந்தார். அவற்றை அடியில் கொடுத்துக் கண்ணாடியை ஒரு விரல் உயர்த்திப் பார்த்தார்கள். நெஞ்சு நூல் தளர்ந்தது, காது நூல் அடங்கவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று விரல். காது நூல் அடங்கியது, ஆனால் கீழேயிருந்து வந்த காற்று மூக்குக்கண்ணாடிக்குள் புகுந்து கண்ணில் நீர் வரவைத்தது. கண்ணைக் கொடுத்துக் காதை வாங்க முடியாது. சனிக்கிழமை இரண்டு விரல் வைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, மூன்று தடவை ஏரிக்குப் போய்வந்தார்கள். டீக்கடைக்காரர்களுக்கே கேலி பேசி அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காது நூல்கள் மெல்ல ஆடின. நெஞ்சு நூல்கள் தொங்கிக் கிடந்தன. ஓடும் வண்டியில் கன்னியம்மா பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கேட்டார்:

“அண்ணாத்தே, ஊட்ல இன்னா கொழம்பு?”

“வஞ்சிரம்,” என்றார் எத்திராஜ், திரும்பாமல்.

திங்கட்கிழமை கன்னியம்மாவுக்கு வேலை ஓடவில்லை. ஒரே தையலை இரண்டு தடவை பிரித்தார். மணவாளன் மணி கேட்டார். மணி கேட்காதே என்று சொல்லிவிட்டு, தானே போய் டீக்கடைக் கடிகாரத்தைப் பார்த்துவந்தார்.

இரண்டரை மணிக்கு வண்டிச் சத்தம் கேட்டது. எத்திராஜ் இறங்கினார். கன்னியம்மாவுக்கு முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. குனிந்து மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார். எத்திராஜ் பக்கத்தில் வந்து நின்று தலையைச் சாய்த்தார்.

“நிறுத்தும்மா.”

மெஷின் நின்றது.

“அடியில இன்னாமோ லூசா கீது. நாலு சுத்துக்கு ஒரு தபா டிக்குனுது.”

கன்னியம்மா தகட்டைத் தள்ளி உள்ளே விரல் விட்டார். அடிநூலைத் தாங்கும் பாபின் கேஸின் திருகு அரைச் சுற்று தளர்ந்திருந்தது. இத்தனை வருடமாக அந்த மெஷினை ஓட்டுகிறவர் அவர். அந்தச் சத்தம் அவருக்குக் கேட்டதே இல்லை.

“பத்துப் பொட்டியுமா அண்ணாத்தே?”

“பத்தும்,” என்றார் எத்திராஜ். “திருப்புளி எங்க, குடு.”