முதுகுக்குப் பின்னால் ஒரு ரயில்

ஐந்து ஸ்பீக்கர் வாங்கி வைத்து, டிவி ஆப்பில் படம் போடும்போது முன்னால் இருப்பவை மட்டும் பேசினால் எரிச்சல் வராதா? டிவியின் ஆடியோ செட்டிங்கை, ஒலியை அப்படியே கடத்தும் 'பாஸ் த்ரூ'வுக்கு மாற்றியதும்தான், ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவருக்கு முழு ஒலியும் போனது. அப்பாவும் நானும் உட்கார்ந்திருந்த சோபாவுக்குப் பின்னால், படத்தின் ரயில் தடதடத்தது.

இரும்புலியூரில் எங்கள் பழைய வீட்டுக்குப் பின்புறம்தான் தண்டவாளம். மின்சார ரயில் வந்தால் ஜன்னல் கம்பி அதிரும், காலண்டர் ஆடும். அப்பா எழுந்து போய் டிவியின் குமிழைத் திருகுவார். தெருவில் எல்லா வீட்டு டிவியும் ஒன்றாக அலறும். ரயில் போனதும் ஒன்றாக அடங்கும்.

"ஒருநாள் அது கையோட வந்துடப் போகுது" என்பாள் அம்மா. வந்தது. அதற்குப் பிறகு டிவி மேல் எப்போதும் ஒரு கட்டிங் பிளேயர் இருந்தது.

இப்போது மேடவாக்கத்தில், ரயில் சத்தமே எட்டாத ஐந்தாம் மாடியில் இருக்கிறோம். பக்கத்தில் திரும்பினேன். அப்பா ரிமோட்டில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். ரயிலும் கூடவே பெருத்தது. இன்னும் கூட்டினார்.

"அப்பா, என்ன பண்றீங்க?"

"இரும்மா, வண்டி போயிடட்டும். குறைச்சிடறேன்."