குதிரைக்கு எத்தனை மூட்டை

என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடகவுஞ்சிப் பக்கம் பொதிக்குதிரை ஓட்டினேன். ரோடு வந்ததும் அந்தச் சோலி போயிற்று. கொடைக்கானலில் ஒரு பள்ளியில் தற்காலிகமாகக் கூட்டுகிற வேலை கிடைத்தது. அதுவும் முடியப்போகிற சமயம், லேப் உதவியாளர் ஓய்வு பெற்றார். அந்த இடத்துக்கு கெமிஸ்ட்ரி டீச்சர் என்னைச் சொன்னார்.

"பாட்டில் லேபிள் எழுதத் தெரியணும். ஒரு வாரம் கழிச்சுக் கேப்பேன்" என்றார் தலைமை ஆசிரியர். இங்குள்ள ஈரத்தில் லேபிள்கள் உரிந்துகொண்டே இருக்கும்.

தினமும் பள்ளி விட்டதும் டீச்சர் சொல்லிக்கொடுத்தார். என்னைவிட வயதில் சின்னவர். கால்சியத்துக்கு இரண்டு கை, குளோரினுக்கு ஒரு கை என்றார். எனக்குக் கை பிடிபடவில்லை. கால்சியம் குதிரை, குளோரின் மூட்டை என்று வைத்துக்கொண்டேன்.

"ரெண்டும் சேந்தா எப்படி எழுதுவீங்க அண்ணே?"

CaCl என்று எழுதினேன்.

"குதிரைக்கு மறுபக்கம் காலியா இருக்கே?"

"ஒத்த மூட்டைன்னா மறுபக்கம் கல்லைக் கட்டிருவோம் டீச்சர். எடை நின்னுரும்."

டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். "இங்க கல்லுக்கு வேலையில்ல அண்ணே! இன்னொரு குளோரினைத்தான் ஏத்தணும்."

"கயிறு?"

"கால்சியம் ஆளுக்கு ஒரு எலக்ட்ரான் கொடுக்குது, ரெண்டு குளோரினும் வாங்கிக்குது. கொடுத்தது பிளஸ், வாங்கினது மைனஸ். ஒன்னையொன்னு இழுக்கும். அந்த இழுப்புதான் கயிறு."

கேட்கிற நாள் வந்தது. தலைமை ஆசிரியர் லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்தார். "அலுமினியம் ஆக்ஸைடு. அலுமினியத்துக்கு மூணு, ஆக்சிஜனுக்கு ரெண்டு. எழுதுங்க."

மூன்று மூட்டை சுமக்கிற குதிரை; ஆக்சிஜனோ பிரிக்க முடியாத ரெட்டை மூட்டை. ஒன்றை ஏற்றினால் ஓர் இடம் காலி. கல் ஞாபகம் வந்தது, ஒதுக்கினேன். பக்கத்தில் இன்னொரு குதிரையை நிறுத்திப் பார்த்தேன். அதற்கும் ஒரு ரெட்டை மூட்டை, அதிலும் ஓர் இடம் காலி. மூன்றாவது ரெட்டை மூட்டையை இரண்டுக்கும் குறுக்கே போட்டேன். உட்கார்ந்துவிட்டது.

Al₂O₃.

"எழுத்து கண்றாவி. விடை சரி. திங்கக்கிழமை லேப்புக்கு வந்துருங்க" என்றார்.

வாசலில் டீச்சர், "கல்லு எதும் வைக்கலையே அண்ணே?" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். நன்றி என்று சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இத்தனை வருடமாக அதே லேப்பில் லேபிள் எழுதுகிறேன், இன்னும் வரவில்லை. அதனால் எழுதிவிட்டேன், டீச்சர்.

22 மே 2009, வெள்ளிக்கிழமை.