கம்பவுண்டர் பிடித்த இருவாச்சி

குமுளிக் கடைத்தெருவில் மொய்து ராவுத்தரின் பலசரக்குக் கடைக்குள் நுழைந்தால், சீனி மூட்டைக்கு மேலே சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கும். உள்ளங்கை அகலம்தான். ஒரு பெரிய மரத்துப் பொந்து, அதன் வாயை மண்ணால் பூசி அடைத்திருக்கிறது. நடுவில் ஒரு கீறல் விட்டு, அந்தக் கீறலில் ஒரு மூக்கு நுனி தெரிகிறது. வெளியே மரப்பட்டையைப் பற்றிக்கொண்டு ஆண் இருவாச்சி, அரிவாள் போன்ற தன் அலகால் அந்த நுனிக்கு ஒரு பழத்தை நீட்டுகிறது. கம்பத்துக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் ஓடுவார்கள். படத்தை எடுத்தவர் கம்பவுண்டர் ஆசீர்வாதம். மாதம் இரண்டு தடவை அந்தக் கடைக்கு வருகிறவர். ஒரு நாளும் அந்தச் சுவரை ஏறிட்டுப் பார்த்ததில்லை. மனுஷனுக்கு ரொம்பக் கூச்சம் என்று ராவுத்தர் எல்லோரிடமும் சொல்லுவார். கூச்சமாவது, மண்ணாவது!

ஆசீர்வாதத்துக்கு ஊர் வள்ளியூர்ப் பக்கம். கம்பவுண்டர் பரீட்சை எழுதிவிட்டு இருபத்து மூன்று வயதில் மலை ஏறியவர், குமுளிக்கு ஆறு மைல் தள்ளி ஓர் ஏலத்தோட்டத்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி என்றால் ஓட்டுக் கட்டடம், இரண்டு கட்டில், ஒரு அலமாரி. டாக்டர் மாதம் ஒரு தடவை ஜீப்பில் வந்து, காபி குடித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மீதி இருபத்தொன்பது நாளும் ஆசீர்வாதம்தான் டாக்டர். காய்ச்சலுக்குச் சிவப்பு மிக்ஸர், வயிற்றுக்கு வெள்ளை மிக்ஸர், மற்ற எல்லாவற்றுக்கும் அயோடின். இருந்தாலும் கைராசிக்காரர் என்று பெயர். நோயாளிக்கு மருந்து கேட்கிறதோ இல்லையோ, கூப்பிட்ட நேரத்துக்கு வந்துவிடுவார்.

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஒரு துரை சீமைக்குக் கப்பலேறும்போது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார். மருந்து வைக்க ஒரு நல்ல அலமாரி எடுத்து வருகிறேன் என்று போன கம்பவுண்டர், ஒரு பெட்டிக் கேமராவோடு திரும்பி வந்தார். ஏலத்தோட்டத்துக்காரர் ஏலத்தில் எடுத்தது என்று தோட்டமே சிரித்தது. அவர் மனைவி அன்னமேரி சிரிக்கவில்லை. சட்டி பானை அடுக்க அந்த அலமாரியில் அவளுக்கும் இரண்டு தட்டு பேசி வைத்திருந்தார்கள்.

முதலில் மனுஷர்களைத்தான் எடுத்தார். அவர்கள் எண்ணெய் தேய்த்து வாரி, மூச்சை அடக்கி, செத்தவர்கள் மாதிரி நின்றார்கள். அலுத்துப்போய்ப் பறவைகளின் பக்கம் திரும்பினார். ஒரு சுருளில் எட்டுப் படம். சுருளை ராவுத்தர் கடையில் கொடுத்தால், ராவுத்தர் அதைப் பாலக்காட்டில் தன் மச்சான் வைத்திருந்த ஸ்டூடியோவுக்கு அனுப்பிக் கழுவி வாங்கித் தருவார். மூன்று வாரம் ஆகும். வந்த படங்களைக் கடையில் இருக்கிற எல்லோரும் பார்த்த பிறகுதான் எடுத்தவர் கைக்கு வரும்.

“ஏனுங்க கம்பவுண்டரே, மரம் ஜோரா வந்திருக்குதுங்க. பறவை எங்கீங்க?” என்பார் ராவுத்தர்.

“அந்தக் கிளையில பாருங்க, கடுகு மாதிரி ஒண்ணு.”

“நான் அது ஈ எச்சம்னு நெனச்சனுங்க.”

அவருக்குக் கோபம் வராது. உண்மையைச் சொன்னால், படத்தைவிடக் காத்திருப்பதுதான் அவருக்குப் பிடித்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு ஆஸ்பத்திரியை அடைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போய், ஏலச் செடிகளுக்கு நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார். முதல் கால் மணி நேரம் காடு அவரை முறைக்கும். எல்லாச் சத்தமும் நின்றிருக்கும். பிறகு ஒரு குக்குறுவான் எங்கேயோ கூவ ஆரம்பிக்கும். அணில் இறங்கும். எட்டிப் பிடிக்கும் தூரத்தில் ஒரு தவிட்டுக்குருவி வந்து சருகைப் புரட்டும். வாரம் பூராவும் இருமலையும் சீழையும் பார்த்த கண்ணுக்கு அந்தச் சந்தோஷம் போதும். அதற்கு மேல் கேட்கத் தெரியாத ஆள் அவர்.

ஐம்பத்தேழாம் வருஷம். மலையெல்லாம் கேரளத்துக்கென்று எழுதி, போர்டுகளை மாற்றிக்கொண்டிருந்த சமயம். மாசி பிறப்பதற்குள் அவர் அந்தப் பொந்தைக் கண்டுபிடித்தார். பன்றிக்குழி மேட்டுக்குக் கீழே பள்ளத்தில் ஒரு பெரிய அயனி மரம். மரம் பள்ளத்தில் நின்றதால் நடுமரத்துப் பொந்து மேட்டுக்கு நேராக இருந்தது. பொட்டை இருவாச்சி உள்ளே போய் உட்கார்ந்து, மண்ணும் எச்சமும் குழைத்து வாசலைத் தானே பூசிக்கொண்டது. முட்டை பொரிந்து குஞ்சு கொஞ்சம் தேறுகிற வரைக்கும் அது வெளியே வராது. இறகெல்லாம் உதிர்ந்து உள்ளேயே கிடக்கும். சேவல்தான் அத்திப்பழத்தைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாகக் கக்கிக் கீறல் வழியே ஊட்டும். ஒரு நடைக்கு இருபத்தாறு பழம் வரை ஆசீர்வாதம் எண்ணியிருக்கிறார்.

அன்னமேரிக்கு இரண்டு முழங்காலிலும் வாதம். ஆறு வருஷமாக வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடக்கிறதே பெரும்பாடு. மேட்டுக்கு அவள் போனதே இல்லை. அவர் இறங்கி வந்ததும் அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

“இன்னைக்கு அவளுக்கு என்ன சாப்பாடு போச்சு?”

“அத்திப்பழம். ஒரு ஓணானும் கொண்டாந்தான்.”

“தவக்காலத்துல ஓணானா? நல்ல வேதக்காரிதான்!” என்று சிரிப்பாள். அந்தப் பொட்டையை அவள் ‘அவ’ என்றுதான் சொல்லுவாள், அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறவளைச் சொல்லுகிற மாதிரி. இருவாச்சி நெய்யைத் தேய்த்தால் வாதம் ஓடிப்போகும் என்று கூலிக்காரர் லயத்துப் பொம்பளைகள் அவளிடம் ஓதாத நாளில்லை. கம்பவுண்டரிடம் சொன்னால் சிரிப்பார். அவள் சொல்லுவதை நிறுத்திவிட்டாள்.

மார்ச் நடுவில் ஒரு ஞாயிறு, வெயில் நேராகப் பொந்தில் விழுந்த நேரத்தில், ஏல இலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு பதினைந்தடி தூரத்தில் இருந்து அவர் எட்டுப் படமும் எடுத்தார். நன்றாக விழுந்திருக்கிறது என்று கைக்கே தெரிந்தது. மறுநாளே குமுளிக்குப் போனார்.

கடையில் சுருளிவேல் புகையிலை வாங்கிக்கொண்டு நின்றான். அதே தோட்டத்தில் களை வெட்டுகிறவன், தேன் எடுக்க எந்த மரத்திலும் ஏறுகிறவன். போன மழைக்காலத்தில் அவன் மனைவி அழகுத்தாய்க்கு டைபாய்டு கண்டு நினைவு தப்பிக் கிடந்தபோது, பத்தொன்பது நாள் காலையும் மாலையும் லயத்துக்கு நடந்து அவளைப் பிழைக்க வைத்தவர் ஆசீர்வாதம். அதிலிருந்து அவன் தேன், கிழங்கு, காட்டுக்கோழி என்று எதையாவது கொண்டு வருவான். அவர் எதையும் வாங்க மாட்டார். என் கடமைடா, போ என்று திருப்பி அனுப்பிவிடுவார். அது அவனுக்கு ஒரு குறையாகவே இருந்தது.

“ராவுத்தரே, இந்தத் தடவை புடிச்சிட்டேன்!” என்று சுருளை மேஜைமேல் வைத்தார் கம்பவுண்டர்.

“அட! இருவாச்சியைங்களா?”

“சேவலை மட்டுந்தான். பொட்டை உள்ள அடைஞ்சு கிடக்கு, மூக்கு நுனிதான் தெரியுது. அதைப் புடிக்கணும், அதுதான் என் ஆசையே. ஆனா அது வெளிய வந்தாத்தான் முடியும்.”

“எங்கீங்க மரம்?”

“நம்ம பன்றிக்குழி மேட்டுக்குக் கீழ, அயனியில.”

ராவுத்தரிடம் அப்போது கையிருப்பில் ஒரே ஒரு சுருள்தான் இருந்தது. அதை வாங்கிச் சட்டைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார் ஆசீர்வாதம். எட்டும் அவளுக்குத்தான். சுவரை உடைத்துக்கொண்டு வெயிலில் அவள் தலையை நீட்டுகிற அந்த நாளுக்கு.

படம் பிடிக்கிறதும் பிடிக்கிறதுதான், பறவை பிடிக்கிறதும் பிடிக்கிறதுதான். நம்முடைய பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல். ‘படம்’ என்கிற மூன்றெழுத்தை முன்னால் போட்டிருந்தால் போதும். தினமும் அதே பேச்சாக இருந்ததால் அவருக்கு அது தேவையாகத் தோன்றவில்லை.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை காலை. ஆஸ்பத்திரி வாசலில் சுருளிவேல் ஈரத்தலையோடு நின்றான். கையில் வாழைச்சருகு சுற்றிய ஒரு பாட்டில். கறியோ என்று நினைத்து, “தவக்காலம்டா, அதுவும் வெள்ளிக்கிழமை” என்றார் கம்பவுண்டர்.

“கறி இல்லீங்கய்யா. நெய்யி. அம்மா காலுக்கு.” அவன் முகம் பூரித்துப்போய் இருந்தது. “நீங்க அன்னைக்குக் கடையில ஆசைப்பட்டுச் சொன்னீகல்ல, பொட்டையப் புடிக்க முடியலைன்னு. சேவல்ல என்னய்யா கொழுப்பு இருக்கும்? பொட்டையிலதான் நெய்யி. உங்களுக்கு மரமேற வராது, வாய் விட்டுக் கேக்கவும் மாட்டீக. நேத்து நான் ஏறிட்டேன். எறகெல்லாம் உதுந்து கிடந்துச்சு, பறக்க ஏலல. கைய விட்டதும் கொத்துச்சு, பாருங்க.” கட்டைவிரலைக் காட்டினான். ஆழமான காயம்.

“குஞ்சு?” என்றார்.

“ஒண்ணு இருந்துச்சு. தாயில்லாம அது எங்கய்யா தங்கும்?”

ஆசீர்வாதம் அலமாரியைத் திறந்தார். அயோடினை எடுத்தார். அவன் கையைப் பிடித்துக் காயத்தைக் கழுவிக் கட்டினார். திட்டவேண்டும் என்று நாக்குத் துடித்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? பிடிக்க ஆசை என்று சொன்னது அவர். மரத்தைக் காட்டிக்கொடுத்தது அவர். மாதக்கணக்காகத் திருப்பிக் கொடுக்க ஏதாவது கிடைக்காதா என்று ஏங்கியவன் உயிரைப் பணயம் வைத்து ஏறிக் கொண்டுவந்து நிற்கிறான். இதையும் மறுத்தால் அவன் செத்துவிடுவான் போல இருந்தது.

“ரொம்பச் சந்தோஷம்டா, சுருளி” என்றார்.

அந்த மூன்று சொல்லைச் சொல்லியிருக்கக் கூடாது. பின்னால் ஆயிரம் தடவை அவர் அதை நினைத்து நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கிறார். கம்பவுண்டரே வாங்கிக்கொண்டார் என்று மழைக்காலத்துக்குள் தோட்டம் பூராவும் பேச்சானது. அடுத்த வருஷம் அந்த மலையில் மூன்று பொந்துகளை உடைத்தார்கள். உடைத்தவர்களில் ஒருவன் நெய்யைக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரியில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் ஆகும் என்றான்.

அன்று சுருளிவேல் கொடுத்த பாட்டிலை என்ன செய்வது? கொட்ட மனம் வரவில்லை. கொட்டினால் அவள் செத்ததற்கு ஒன்றுமே மிச்சமில்லை. சுருளிவேலிடம், அம்மாவிடம் சொல்லாதே, சங்கடப்படுவாள் என்று வாயை அடைத்துவிட்டு, மதுரையிலிருந்து வந்த தைலம் என்று அன்னமேரியிடம் கொடுத்தார். கையால் தானே தேய்த்தும் விட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம் அது. வெயில் காலத்தில் வாதம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்று கம்பவுண்டருக்குத் தெரியும். எதுவோ ஒன்று, அவள் கால் மடங்கியது. இரண்டாவது வாரம் கோலே இல்லாமல் கிணற்றுக்குப் போய் வந்தாள். அந்த நாட்களிலும் ஞாயிறு மாலையானால் அவள் வழக்கம்போல் கேட்பாள். அவரும் வழக்கம்போல் சொன்னார். அத்திப்பழம். இருபத்திரண்டு. போன வாரத்தைவிடக் குறைச்சல்.

மரத்துப் பக்கம் போகாமல்தான் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் சும்மா மேட்டடிவரை போய்விட்டுத் திரும்பிவிடலாம் என்று கேமராவை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது, அன்னமேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“நானும் வாரேன். எம்புட்டு நாளாக் கதையே கேட்டுக்கிட்டுக் கிடக்கிறது? அவளை ஒருதரம் கண்ணால பாக்கணும்.”

அவர் பாதை சரியில்லை என்றார், அட்டை இருக்கும் என்றார். அவள் கேட்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று, ஒரு மணி நேரம் ஏறினாள். ஏறி முடித்துச் சின்னப் பெண் மாதிரி மூச்சு வாங்கச் சிரித்தாள். சேவல் வராது, இத்தனை நாளைக்குப் பிறகு எதற்கு வரும் என்று அவர் வழி நெடுக வேண்டிக்கொண்டு வந்தார். பறவை வரக்கூடாது என்று அவர் வேண்டியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான்.

பெரும் காற்று மாதிரி இறக்கைச் சத்தம் பள்ளத்தில் இருந்து எழுந்தது. சேவல் வந்து அயனியில் உட்கார்ந்தது. தொண்டை புடைத்திருந்தது. ஒரு பழத்தைக் கக்கி அலகு நுனியில் எடுத்துக்கொண்டு பொந்தை எட்டிப் பார்த்தது. சுவர் உடைந்து வாய் பெரிதாகத் திறந்திருந்தது. உள்ளே நீட்டியது. காத்திருந்தது. யாரும் வாங்காததால் அந்தப் பழத்தை உள்ளே விட்டுவிட்டு அடுத்ததைக் கக்கியது. பொந்தின் விளிம்பில் ஏற்கெனவே போட்ட பழங்கள் அழுகிக் கறுத்துக் கிடந்தன. மேட்டில் இருந்து பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் அது தெரியும். அன்னமேரிக்குத் தெரியவில்லை.

“ஆத்தாடி, என்ன பிரியம் பாருங்க!” அவள் கண் கலங்கிவிட்டது. “உள்ளதான இருக்கா?”

“இருக்கா.”

“கேமராவைத் தூக்கிட்டு வந்துட்டுச் சும்மா நிக்கிறீகளே, படம் புடிங்க.”

“வெளிச்சம் பத்தாது” என்றார். தலைக்கு மேல் சூரியன் நின்றது.

“எப்ப வெளிய வருவா?”

சேவல் ஆறாவது பழத்தையும் நீட்டிவிட்டு, தலையைச் சாய்த்துப் பொந்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தது.

“ஈஸ்டர் கழிச்சு” என்றார்.

“அப்ப அன்னைக்கும் என்னையக் கூட்டிட்டு வாங்க” என்று அன்னமேரி குனிந்து தன் முழங்காலை ஆசையாகத் தடவிக்கொண்டாள். “அந்தத் தைலத்துல இன்னும் பாதி இருக்கு. அதுக்குள்ள நான் ஓடியே வந்துருவேன்.”