மாஸ்டருக்கு வாய்த்த சிஷ்யன்

மாஸ்டரைப் பார்த்தால், "உங்களைவிடப் பெரிய சமையல்காரர் உண்டா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஏன் இல்ல? அதுக்கு ரெண்டு இரும்புக் கை" என்று ஆரம்பித்து, தன் மானம் போன கதையைத் தானே சொல்லித் தானே சிரிப்பார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் இருபத்தாறு வருஷம் கரண்டி பிடித்தவர். வீட்டில் ஒரு நாளும் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. தட்டில் குறை கண்டுபிடிப்பதோடு சரி. மனைவி நீதிமன்றத்தில் தட்டச்சு செய்பவள். சமைத்து வைத்துவிட்டு வேலைக்கு ஓடுவாள். இவரோ முதல் வாய் வைத்ததுமே, "ஏதோ ஒண்ணு குறையுது" என்பார். எது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கேன்டீனை மூடிய பிறகு ரோபோ செய்யும் கம்பெனி ஒன்று அவரைக் கூப்பிட்டது. ஒயர் வைத்த கையுறையை மாட்டிக்கொண்டு கேமராவுக்குக் கீழே நின்று சமைக்க வேண்டும். அவர் கை போகிற போக்கைப் பார்த்து ரோபோ கற்றுக்கொள்ளும். ஒரே காய்கறி சூப்பை முந்நூறு தடவை வைத்தார். தலைகால் புரியவில்லை மனுஷனுக்கு. பால் போட வருகிறவரிடம்கூட, "எனக்கு ஒரு சிஷ்யப்பிள்ளை கிடைச்சிருக்கான்" என்று பீற்றிக்கொண்டார்.

அந்தத் திமிரில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். "நீயும் ரெண்டு நாள் வந்து என் கையைப் பாரேன். மெஷினே கத்துக்குது, உனக்கென்ன?"

அவள் தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "இனிமே உங்க சாப்பாட்டை நீங்களே பாத்துக்கோங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். மூன்று வாரம் அவள் தனக்கு மட்டும் சமைத்து, தனியாகச் சாப்பிட்டாள். ஆயிரம் பேருக்கு ஆக்கிப் போட்ட மாஸ்டர், வீம்புக்காக ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றார். ரொட்டியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். முப்பது வருஷம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள் இல்லாத மேஜைதான் தாங்கவில்லை. அதை அவளிடம் சொல்ல வாய் வந்தால்தானே!

கம்பெனியில் குடும்பத்தாரை வரவழைத்து ரோபோவைச் சமைக்க வைத்துக் காட்டப்போகிறார்கள் என்றதும், கெஞ்சிக் கூத்தாடி அவளை அழைத்துப்போனார். சிஷ்யனின் கைவரிசையைப் பார்த்தால் குருவின் மேல் மரியாதை வந்து, கோபம் ஓடிவிடும் என்பது அவர் போட்ட கணக்கு.

ரோபோ காரட்டை ஒரே அளவாக நறுக்கியது. அளந்து வைத்திருந்த உப்பைப் போட்டது. மாஸ்டர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். சூப் கொதித்ததும் ஒரு கரண்டி எடுத்து, வாயில்லாத தன் முகத்துக்கு நேரே பிடித்தது. திரும்ப ஊற்றிவிட்டு, இன்னும் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டது.

"ஏம்மா, அதுக்கு நாக்கு இருக்கா?" என்று கேட்டாள் மனைவி.

"இல்லீங்க ஆன்ட்டி" என்று சிரித்தாள் பக்கத்தில் நின்ற இன்ஜினியர் பெண். "மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் ருசி பாத்துட்டு இன்னும் கொஞ்சம் உப்பு போடுவார். கரண்டியைத் தூக்கினா உப்பு போடணும்னு இதுவும் கத்துக்கிச்சு."

"ஒரு தடவைகூடப் போடாம விட்டதில்லையா?"

"முந்நூறு வீடியோவும் பாத்துட்டேன். ஒண்ணுலயும் இல்ல."

மாஸ்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"முப்பது வருஷமா என் சமையல்லதான் என்னமோ கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

அதைப் பார்த்ததும் அவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "உன் சமையல்ல ஒரு குறையும் இல்ல. ஏதாவது சொல்லலைன்னா எனக்கு மாஸ்டர் மாதிரியே இருக்காது. அவ்வளவுதான்."

அவள் ஒரு கிண்ணத்தில் சூப்பை ஊற்றி ஒரு ஸ்பூன் குடித்துப் பார்த்தாள். அப்படியே அவர் முன்னால் நகர்த்தினாள். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

உப்பு கரித்தது, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாஸ்டர் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"ஆங், அந்த வார்த்தை வாயில வருதே!" என்றாள் அவள். "நாளைக்கு நான் சமைக்கிறதுக்கும் இதையே சொல்லுங்க."