காருக்கும் கிணற்றுக்கும் ஒரே டீசல்

நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் சாலையில் ஒரு டீசல் அம்பாசடர் உறுமிக்கொண்டே மெதுவாக மேடு ஏறுகிறது. ஓட்டுபவர், வழியில் என்னை ஏற்றிக்கொண்ட விவசாயி. வீட்டில் நிற்கும் என்னுடைய பெட்ரோல் கார் இந்த மேட்டைச் சத்தமே இல்லாமல் தாண்டிவிடும் என்கிறேன்.

“தாண்டுமுங்க. ஆனா அதே காசுக்கு டீசலு ரெண்டு பங்கு தூரம் ஓடுமுங்க.”

மேட்டுக்கு அப்பால் அவர் மனைவி கேனும் ரப்பர் குழாயுமாகச் சாலையோரம் நிற்கிறார். கார் நிற்கிறது.

“சத்தங் கேட்டுத்தானுங்க மஞ்சக் காட்டுல இருந்து ஓடியாந்தேன். கரண்டு இல்ல. கெணத்து இஞ்சின்லயும் டீசல் தீந்து போச்சு. மஞ்சளுக்குப் பாதிதான் தண்ணி பாஞ்சிருக்குதுங்க.”

விவசாயி இறங்கி, கார் டேங்கில் குழாயை விட்டு வாயால் உறிஞ்சித் துப்புகிறார். கேன் நிறைகிறது.

“சேலம் போகப் போதுமா?” என்கிறேன்.

“மிச்சம் இருக்கறது நாமக்கல் பங்க்குக்குத் திரும்பத்தானுங்க பத்தும். நீங்க பஸ்ஸு புடிச்சுக்கோங்க, சாமி.”

பையோடு வெயிலில் நிற்கிறேன். கிணற்றுப் பக்கம் இஞ்சின் தடதடக்கத் தொடங்குகிறது. வரப்பிலிருந்து விவசாயி கேட்கிறார்:

“உங்க பெட்ரோல் காரா இருந்திருந்தா, மஞ்சளுக்கு என்னங்க பண்றது?”